வைஃபை இழுக்குதா? பெரிய பிளானுக்கு மாறும் முன் ஒரு சோதனை

காட்கோபரில் நெருக்கியடித்து நிற்கும் கட்டடத்தில் வீடா? போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். மேல் மாடி, பக்கத்து வீடு, எதிர் பில்டிங் என நீண்டுகொண்டே போகும். மீட்டிங்கில் உங்கள் குரல் அறுந்து அறுந்து கேட்பதற்கு இந்தக் கூட்டமே காரணமாக இருக்கலாம்.

முதலில் லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். அதிலும் குறைவாக வந்தால் நெட் கம்பெனியில் தாராளமா புகார் கொடுங்க. கேபிளில் சரியாக வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், கூடுதல் காசு கொடுத்து பிளானை மாற்றியும் பயனில்லை.

2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 என மூன்றுதான். காலை நேரத்தில் மெட்ரோவிலிருந்து இறங்கும் மொத்தக் கூட்டமும் லோக்கல் ரயிலுக்கு மூன்றே படிக்கட்டில் இறங்கினால் எப்படி இருக்கும், அதே கதைதான். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசைக்காரர்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம். 2018-ல் உரிமம் தேவைப்படாத பகுதியை அரசு இன்னும் விரிவாக்கியது. ரூட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, லேப்டாப்பை 5-ல் மட்டும் இணையுங்கள். ஆனால் இது சுவரைத் தாண்டினால் சட்டென்று பலம் இழக்கும். டெக்னீஷியன் வாசலருகே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே மாட்டிவிட்டுப் போன ரூட்டரை, நீங்கள் வேலை செய்யும் அறைக்குக் கொண்டுவாங்க. பழைய போன்களும் ஸ்மார்ட் பல்புகளும் 2.4-லேயே இருக்கட்டும்.