ஏழு அசிஸ்ட்டும் ஒரு தொலைபேசியும்

1947 மார்ச் 16. சிகாகோவுக்கு எதிரான ஆட்டம். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் 10-6 என்று ஜெயிக்கிறது. அந்தப் பத்து கோல்களில் ஏழுக்குப் பாஸ் கொடுத்தவர் ஒரே ஆள், பில்லி டெய்லர். ஒரே ஆட்டத்தில் ஏழு அசிஸ்ட். என்ஹெச்எல் வரலாற்றில் இதுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. பின்னாளில் வேய்ன் கிரெட்ஸ்கி மூன்று முறை ஏழைத் தொட்டார், எட்டை அவராலும் தொட முடியவில்லை.

அடுத்த வருஷம் மார்ச் 9-ஆம் தேதி, அதாவது அந்தச் சாதனைக்கு ஒரு வருஷம் நிறைய இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, பில்லி டெய்லருக்கு ஹாக்கியிலிருந்து ஆயுள் தடை விதிக்கப்பட்டது. காரணம் பந்தயம்.

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரையும் தயான்சந்தும்தான் ஞாபகம் வரும். இது வேற ஹாக்கி. பனித்தரை, ஸ்கேட்டிங், பந்துக்குப் பதிலாக 'பக்' என்ற கறுப்பு ரப்பர் வட்டு, ஆளை ஆள் இடித்துத் தள்ள அனுமதி. கனடாவில் இது கிட்டத்தட்ட மதம். இன்றைக்கு ஒரு என்ஹெச்எல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் எந்த விளையாட்டுப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு கட்டம் கண்ணில் படும். இந்த அணி கடைசிப் பத்தில் 7-2-1, அந்த அணி 4-5-1. இதற்கு மைனஸ் 150, அதற்கு பிளஸ் 130. மொத்த கோல் 6-க்கு மேலா கீழா. யாருக்குக் காயம், எந்தக் கோல்கீப்பர் நிற்கப் போகிறார். பார்க்க ரயில்வே கால அட்டவணை மாதிரி சாதுவாக இருக்கும். ஆனால் இதில் சில வரிகளை வெளியே சொன்னதற்காக இரண்டு பேர் இருபத்திரண்டு வருஷம் ஹாக்கியை இழந்திருக்கிறார்கள்.

டெய்லரோடு மாட்டிய இன்னொருவர் டான் காலிஞ்சர். பதினேழு வயசில் பாஸ்டன் ப்ரூயின்ஸுக்கு ஆட வந்தவர். அவர் வயதை ஒட்டியவர்களெல்லாம் போருக்குப் போய்க்கொண்டிருந்த காலம், அணிகளில் இடம் காலியாக இருந்தது. சிக்கியபோது அவருக்கு இருபத்திரண்டு. டெட்ராய்ட் போலீஸ் ஒரு சூதாட்டக்காரரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டதில்தான் எல்லாம் வெளிவந்தது. டெட்ராய்ட், பாஸ்டன், நியூயார்க் என்று ஒரே வருஷத்தில் மூன்று அணி மாறியிருந்த டெய்லரும் காலிஞ்சரும் பாஸ்டனில் கொஞ்ச காலம் ஒன்றாக ஆடியவர்கள்.

லீக்கின் தலைவர் கிளாரென்ஸ் கேம்ப்பெல். முன்னாள் ரெஃப்ரி, வழக்கறிஞர், உலகப்போருக்குப் பிறகு கனடாவின் போர்க்குற்ற விசாரணைப் பிரிவில் வேலை பார்த்தவர். அப்படிப்பட்ட ஆளிடம் கருணை எதிர்பார்க்க முடியாது. டெய்லருக்கு உடனடியாக ஆயுள் தடை. காலிஞ்சருக்கு முதலில் காலவரையற்ற இடைநீக்கம், பிறகு அதுவும் ஆயுள் தடை ஆனது. எந்த ஆட்டமும் விலைபோனதாக நிரூபிக்கப்படவில்லை என்று லீக்கே சொன்னது. அப்ப என்ன குற்றம்? பந்தயம் கட்டினார்கள், அந்த ஆளோடு பேசினார்கள். பேசியது அணியின் நிலவரத்தை.

அணியின் நிலவரம். இந்தச் சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். யாருக்கு முழங்கால் வலி, யார் இன்றைக்கு இறங்க மாட்டார், டிரெஸ்ஸிங் ரூமில் மனநிலை எப்படி. இன்றைய முன்னோட்டக் கட்டத்தில் இலவசமாகக் கிடைப்பதும் ஏறத்தாழ இதேதான்.

இரண்டு வருஷம் முன்னால்கூட நிலைமை இவ்வளவு கடுமையாக இல்லை. 1944-இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையை வாங்கிய பேப் ப்ராட் 1946-இல் பந்தயத்துக்காக இடைநீக்கம் செய்யப்பட்டார். ஒப்புக்கொண்டார், இனி செய்ய மாட்டேன் என்றார், சுமார் இரண்டு வாரத்தில் மறுபடி களத்தில் நின்றார். பிற்பாடு ஹாக்கியின் புகழ் மண்டபத்திலும் இடம்பிடித்தார். தன் அணிக்கு எதிராகக் கட்டவில்லை என்பது அவருக்குக் கைகொடுத்தது. டெய்லர், காலிஞ்சர் விஷயத்தில் தடை நீங்க 1970 வரை ஆயிற்று. அப்போது டெய்லருக்கு ஐம்பத்தொன்று, காலிஞ்சருக்கு நாற்பத்தைந்து. அந்த வயசில் ஸ்கேட் கட்டிக்கொண்டு என்ன செய்வது?

சரி, அந்தத் தகவலுக்கு ஏன் அவ்வளவு விலை? இதைப் புரிந்துகொள்ள அந்த மைனஸ் 150-ஐப் பிரித்துப் பார்க்கணும்.

மைனஸ் 150 என்றால் நூறு டாலர் லாபம் பார்க்க நூற்றைம்பது கட்ட வேண்டும். 150-ஐ 250-ஆல் வகுத்தால் 60 சதவீதம். அந்த அணி ஜெயிக்க அறுபது சதவீத வாய்ப்பு என்று அந்த விலை சொல்கிறது. பிளஸ் 130 என்றால் நூறு கட்டினால் நூற்று முப்பது லாபம். 100-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 43.5. இரண்டையும் கூட்டுங்கள், 103.5 வருகிறது. ஒரு ஆட்டத்தில் இரண்டு அணியில் ஒன்றுதான் ஜெயிக்கும், கூட்டினால் நூறுதான் வரணும். மிச்சம் இருக்கும் மூன்றரைதான் கடைக்காரரின் பங்கு. அவருக்கு யார் ஜெயித்தாலும் கவலை இல்லை, இரண்டு பக்கமும் பணம் சரியாகப் பிரிந்து விழுந்தால் போதும். அவர் பயப்படுவது ஒரே ஒரு ஆளுக்குத்தான்: தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பவனுக்கு.

முக்கியமான கோல்கீப்பர் இன்றைக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆட்டத்தில் ஒரு அணியின் வலையை நோக்கி முப்பது ஷாட் வரும் என்பது பொதுவான கணக்கு. நூற்றுக்கு 92 தடுப்பவர் நின்றால் 2.4 கோல் விழும். 90 தடுப்பவர் நின்றால் 3. வித்தியாசம் 0.6 கோல். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு அணி சராசரியாக மூன்று கோல் போடும் விளையாட்டில் அரை கோல் என்பது பெரிய தொகை. அதனால்தான் எந்தக் கீப்பர் என்று உறுதியான நிமிஷமே விலை நகர்கிறது. அதனால்தான் இன்றும் அணிகள் காயத்தைச் சொல்லும்போது 'மேல் உடம்பு', 'கீழ் உடம்பு' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. எதிரணி அந்த இடத்தைப் பார்த்து இடிக்கும் என்பது ஒரு காரணம்.

இப்போது அந்தக் கட்டத்தின் முதல் வரிக்கு வருவோம். 7-2-1. ஃபார்ம்.

நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆபீஸில் டாஷ்போர்டு மூன்று நாள் தொடர்ந்து பச்சையாக இருந்தால் எல்லாரும் நிம்மதியாவார்கள், மூன்று நாள் சிவப்பானால் மீட்டிங் போடுவார்கள். பல சமயம் சிஸ்டத்தில் எதுவுமே மாறியிருக்காது. கொஞ்சம் எண்களை வைத்துக்கொண்டு கதை கட்டுவது நம் ரத்தத்தில் இருக்கிறது. ஹாக்கி ஃபார்மும் பெரும்பாலும் அந்த ஜாதிதான்.

ஒரு சின்ன கணக்கு. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 55 சதவீத வாய்ப்புள்ள நல்ல அணி ஒன்று. அது எந்தப் பத்து ஆட்டத்திலும் நாலோ அதற்குக் குறைவாகவோ ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? சுமார் 26 சதவீதம். நாலு தடவைக்கு ஒரு தடவை. அதே மாதிரி, 45 சதவீத சுமார் அணி பத்தில் ஆறோ அதற்கு மேலோ ஜெயிக்கவும் அதே 26 சதவீதம். யாருக்கும் காயமில்லை, கோச் மாறவில்லை, டிரெஸ்ஸிங் ரூமில் சண்டை இல்லை, வெறும் நாணயம் சுண்டியதிலேயே இவ்வளவு ஏற்ற இறக்கம். மறுநாள் பத்திரிகை ஒன்றைச் 'சரிவு' என்றும் மற்றதை 'எழுச்சி' என்றும் எழுதும்.

இதை டெய்லருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1942 ஸ்டான்லி கோப்பை இறுதியில் டொரொண்டோ மேப்பிள் லீஃப்ஸ் டெட்ராய்ட்டிடம் முதல் மூன்று ஆட்டமும் தோற்றது. இன்னும் ஒன்று தோற்றால் கதை முடிந்தது. பிறகு வரிசையாக நாலு ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. இறுதித் தொடரில் 0-3-இலிருந்து மீண்டு வென்ற ஒரே அணி அதுதான். அந்த அணியில் டெய்லர் ஆடினார்.

ஃபார்முக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டும் வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது தன் அணி போட்ட கோல், வாங்கிய கோல் இரண்டையும் கழித்துப் பார்க்கும் பிளஸ்-மைனஸை மாண்ட்ரியால் அணி 1950-களிலேயே குறித்துவைத்தது. லீக் அதை 1967-68 சீசனிலிருந்து அதிகாரபூர்வமாகக் கணக்கிட்டது. ஆனால் கோல் ரொம்ப அரிதாக விழுவது. அரிதானதை எண்ணினால் அதிர்ஷ்டத்தையும் சேர்த்துத்தான் எண்ணுகிறோம்.

2000-களில் டிம் பார்ன்ஸ் என்ற நிதி ஆய்வாளர் விக் ஃபெராரி என்ற புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்தார். கோலை விட்டுவிட்டு, வலையை நோக்கி அடித்த எல்லா ஷாட்டையும் எண்ணலாமே என்றார். உள்ளே போனது, கீப்பர் தடுத்தது, வெளியே போனது, நடுவில் ஒருவர் உடம்பால் மறித்தது, எல்லாம். பஃபலோ அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளர் ஜிம் கோர்ஸி கீப்பர்களின் வேலைப்பளுவை அளக்க இப்படி எண்ணுவதாகக் கேள்விப்பட்டு, அதற்கு 'கோர்ஸி' என்றே பெயர் வைத்தார். கோர்ஸியின் மீசை பிடித்துப்போனதும் ஒரு காரணம் என்பது கொசுறுத் தகவல்.

2013-14 சீசனில் டொரொண்டோ மாதக்கணக்கில் ஜெயித்துக்கொண்டிருந்தது. கோர்ஸி எண்ணோ, எதிரணிதான் எப்போதும் அதிக ஷாட் அடிக்கிறது, இது நிலைக்காது என்றது. பழைய ஆட்கள் சிரித்தார்கள். மார்ச்சில் தொடர்ந்து எட்டு தோல்வி, கடைசிப் பதினாலில் பன்னிரண்டு தோல்வி, பிளேஆஃபுக்கே போகவில்லை. அந்தக் கோடையில் பல அணிகள் புள்ளிவிவரக்காரர்களை வேலைக்கு எடுத்தன.

அப்ப எண் ஜெயித்துவிட்டதா? 2019 வசந்தத்தைப் பாருங்கள். டாம்பா பே 62 வெற்றி, 128 புள்ளி என்று வந்தது. முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் 0-4. அதே வருஷம் ஜனவரி 3-ஆம் தேதி காலையில் மொத்த லீக்கிலும் கடைசி இடத்தில் கிடந்த செயின்ட் லூயிஸ் ப்ளூஸ், ஜூன் 12-ஆம் தேதி கோப்பையைத் தூக்கியது. 250-க்கு 1 என்ற விலையில் 400 டாலர் கட்டிய ஒரு ரசிகர் ஒரு லட்சம் டாலர் வாங்கினார். அவர் கதையை எல்லாரும் எழுதினார்கள். மற்ற முப்பது அணிகளின் மேல் கட்டியவர்களை யாரும் எழுதவில்லை, எழுதவும் முடியாது, அவ்வளவு பேர்.

அமெரிக்காவில் விளையாட்டுப் பந்தயத்தைக் கட்டிப்போட்ட 1992 சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 மே 14-இல் ரத்து செய்தது. அதே அக்டோபரில் என்ஹெச்எல் ஒரு சூதாட்ட நிறுவனத்தோடு கைகோத்தது. கனடாவில் அதுவரை ஒரே ஒரு ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுவது சட்டப்படி முடியாது, இரண்டு மூன்றைக் கோத்துத்தான் கட்டலாம். 2021 ஆகஸ்ட் 27-இல் அந்தத் தடையும் போனது. 2022 ஏப்ரல் 4-இல் ஒண்டாரியோ தனியார் ஆப்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது. நம் ஈழத்து உறவுகள் பெருந்தொகையாக வாழும் டொரொண்டோவும் ஒண்டாரியோவில்தான். அங்கே வளரும் பிள்ளைகளுக்கு ஹாக்கியும் பந்தய விளம்பரமும் ஒரே திரையில்தான் அறிமுகமாகின்றன.

2023 அக்டோபரில் ஒட்டாவா அணியின் இளம் வீரர் ஷேன் பிண்டோவுக்குப் பந்தயம் தொடர்பான நடவடிக்கைகளுக்காக 41 ஆட்டத் தடை விழுந்தது. என்ஹெச்எல் ஆட்டங்களின் மேல் அவர் கட்டியதற்கு ஆதாரம் இல்லை என்று லீக் சொன்னது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. காலிஞ்சருக்கு இருந்த அதே வயது.

வீரர்கள் பந்தயத்திலிருந்து விலகி நிற்கணும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உள்ளே இருப்பவன் கட்டினால் ஆட்டத்தில் நம்பிக்கை போய்விடும், கேம்ப்பெல்லின் பயம் நியாயமானது. என் கேள்வி வேறு. 1948-இல் லீக் பந்தயத்தையே அசிங்கம் என்று நினைத்தது, அதனால் தண்டித்தது. இன்றைக்கு அதே லீக் அதில் கூட்டாளி. தண்டனை மட்டும் வீரனுக்கு அப்படியே இருக்கிறது. காலிஞ்சர் தொலைபேசியில் சொன்னது மாதிரியான தகவல் இன்றைக்கு ஆட்டத்துக்கு முன்னால் லட்சக்கணக்கான கைப்பேசிகளில் நோட்டிஃபிகேஷனாக வந்து விழுகிறது. அதை அனுப்புகிறவர்களில் பந்தய ஆப்களும் உண்டு. பதினேழு பதினெட்டு வயசுப் பையன் அதைப் படித்துவிட்டு, 7-2-1-ஐப் பார்த்துவிட்டு, எனக்கு ஆட்டம் தெரியும் என்று நினைக்கிறான்.

அவனுக்குத் தெரிந்த எல்லாம் அந்த விலைக்குள் ஏற்கனவே இருக்கிறது. கடைக்காரர் அதை அவனுக்கு முன்பே படித்துவிட்டார். மேலே அந்த மூன்றரையும் வைத்திருக்கிறார்.

டெய்லர் தடை நீங்கிய பிறகு இளம் ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஸ்கவுட்டாக வேலை பார்த்தார். 1980 பிப்ரவரி 15-இல் கிரெட்ஸ்கி முதல்முறை ஏழு அசிஸ்ட் கொடுத்தபோது, முப்பத்து மூன்று வருஷமாகத் தனியாக நின்ற ஒரு பெயரை எல்லாரும் பதிவேட்டில் புரட்டிப் பார்க்க வேண்டிவந்தது.