புறப்படும் உயிரும் தங்கும் உயிரும்: ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மறுமை நம்பிக்கையின் வரலாறு

இறந்தவரின் உயிர் எங்கே போகிறது என்ற கேள்விக்குத் தொண்டை நாட்டில் இரண்டு பதில்கள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. உடலை விட்ட உயிர் தொலைதூரம் போய்விடுகிறது என்பது ஒன்று. எங்கும் போவதில்லை, ஊரிலேயே வீட்டிலேயே தங்கிப் படையல் கேட்கிறது, குடும்பத்தைக் காக்கிறது என்பது இன்னொன்று. முன்னதைத் தத்துவம் என்றும் பின்னதை நாட்டார் நம்பிக்கை என்றும் பிரித்து, பின்னது தேய்ந்து முன்னது வளர்ந்ததாக எழுதுவது நம் ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தின் சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது.

செங்கல்பட்டு–காஞ்சிபுரம் நிலப்பரப்பு பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் மிகுந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பல்லாவரத்தில் ஈமப்பேழைகளைக் கண்டறிந்தார். சாணூரில் 1950–52 ஆண்டுகளிலும், குன்னத்தூரில் 1950களின் பிற்பகுதியிலும் அகழாய்வுகள் நடந்தன. இப்பகுதியின் ஈமப்பேழை சுட்ட மண்ணால் ஆன நீண்ட தொட்டி. அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள், மேலே மூடி. பல இடங்களில் அதற்குள் முழு உடல் இல்லை. வேறிடத்தில் உடல் அழிந்தபின் பொறுக்கிச் சேர்த்த எலும்புகளே உள்ளன. பக்கத்தில் கறுப்பு-சிவப்பு மட்கலங்கள், இரும்புக் கருவிகள்; மேலே கல்வட்டம். செத்த அன்றே சடங்கு முடிந்துவிடவில்லை என்பதை அந்த எலும்புகள் காட்டுகின்றன. இறந்தவருக்குக் கலமும் கருவியும் வைத்தவர்கள், அவற்றுக்கு இனியும் தேவை உண்டென்று கருதியிருக்க வேண்டும். இறந்தவருக்கு ஓர் இடம் இருந்தது. அதைக் கல் கொண்டு குறித்தார்கள்.

அந்தக் கல்லே பின்னர் வழிபாட்டுக்கு உரியதாகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் கல் எடுத்து நடும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. தொண்டை நாட்டின் மேற்கே, செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் 1972இல் நூலாக வெளிவந்தபோது, அந்த மரபு எவ்வளவு பரவலானது என்பது தெரியவந்தது.

இதற்கு எதிரான குரலும் தமிழிலேயே எழுந்தது. மணிமேகலையின் சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதை சுடுதல், வெளியே இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐவகை ஈமமுறைகளைக் கணக்கெடுக்கிறது. அதே காதையில், மகனை இழந்த கோதமை என்னும் மூதாட்டி சம்பாபதித் தெய்வத்திடம் அவன் உயிரை மீட்டுத்தரச் சொல்லி மன்றாடுகிறாள். போன உயிர் வினைவழியே வேறு பிறப்பை அடைந்துவிடும், அதை எந்தத் தெய்வத்தாலும் திருப்பித் தர முடியாது என்பதே அவளுக்குக் கிடைக்கும் விடை. மணிமேகலையின் ஆசிரியர் சாத்தனார் இந்த இரண்டையும் ஒரே காதையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. உடலை எப்படி அடக்கினாலும் உயிரை அங்கே கட்டிவைக்க முடியாது என்கிறார் அவர்.

இந்தப் பின்னணியில்தான் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரை வாசிக்க வேண்டும். மரபு அவர் காலத்தை 1017–1137 எனக் கொள்கிறது. கீதையின் எட்டாம் அத்தியாயம், சாகும் நேரத்து நினைவே அடுத்த நிலையைத் தீர்மானிக்கும் என்கிறது. இது எளிய மனிதனை நடுங்கவைக்கும் நிபந்தனை. விபத்தில் சாகிறவனும் நினைவிழந்து கிடக்கிறவனும் கடைசி நொடியில் எதை நினைப்பார்கள்? இளம் இராமானுசருக்கும் இந்த ஐயம் இருந்தது என்கின்றன குருபரம்பரை நூல்கள். பூவிருந்தவல்லியைச் சேர்ந்த திருக்கச்சி நம்பிகள் வழியாகக் காஞ்சி வரதர் அவருக்குச் சொன்னதாகக் கூறப்படும் ஆறு வார்த்தைகளில் இரண்டு சாவைப் பற்றியவை: சரணடைந்தவனுக்கு அந்திம நினைவு தேவையில்லை, உடல் விழும்போதே வீடுபேறு. அந்தணரல்லாத ஓர் அடியார் வழியாகவே இந்த விடை வந்தது என்று மரபு நினைவில் வைத்திருப்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

தம் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் இராமானுசர் உயிரின் பயணத்தை நுணுக்கமாக வகுக்கிறார். உயிர் நூற்றோராவது நாடி வழியாகத் தலையின் உச்சியில் வெளியேறுகிறது. ஒளி, பகல், வளர்பிறை, உத்தராயணம், ஆண்டு என்று உபநிடதம் சொல்பவை காலப் பொழுதுகள் அல்ல, உயிரை அழைத்துச் செல்லும் தேவதைகள் என்று சூத்திரத்துக்குப் பொருள் காண்கிறார். ஆகவே தட்சிணாயனத்தில் இறந்தாலும் ஞானிக்கு வழி அடைபடாது. பரமபதம் சேர்ந்த உயிர் கரைந்து மறைவதில்லை. தான் தானாகவே இருந்து தொண்டு செய்கிறது, திரும்புவதும் இல்லை. இதே பயணத்தை நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் பாடியிருந்தார். பின்னர் பிள்ளை லோகாசாரியரின் ‘அர்ச்சிராதி’யும் வேதாந்த தேசிகரின் ‘பரமபத சோபான’மும் இதற்கென்றே எழுதப்பட்டன.

உயிர் போய்விடும் என்று இவ்வளவு திட்டமாகச் சொன்ன ஆசாரியரை, அவர் அடியார்கள் போகவிடவில்லை. திருவரங்கத்தில் அவர் திருமேனியே இன்னும் இருப்பதாக வணங்குகிறார்கள். அது ‘தானான திருமேனி’. மேல்கோட்டையில் ‘தமருகந்த திருமேனி’. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ‘தானுகந்த திருமேனி’. அவரே தழுவித் தம் ஆற்றலை அந்தப் படிமத்தில் வைத்தார் என்பது நம்பிக்கை. தத்துவம் வேறு, பக்தி வேறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பிரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற பழைய தேவைக்குக் கோயில் தன் மொழியில் கொடுத்த இடம் இது.

ஊருக்குள் அந்தத் தேவை இன்னும் வெளிப்படையானது. வடதமிழக மாவட்டங்களில், சுமங்கலியாகவோ கன்னியாகவோ இறந்த பெண்ணைப் ‘பூவாடைக்காரி’ என்று குலதெய்வத்துக்கு இணையாக வணங்குகிறார்கள். கல்யாணத்துக்கு முன் அவளை அழைக்க வேண்டும். பம்பைக்காரர்கள் நீர்நிலைக்குப் போய்ப் பாடுவார்கள். வீட்டார் ஒருவர் மேல் அவள் இறங்கியதும், யார் என்ன குறை என்று கேட்டு, கலசத்தோடு வீட்டுக்குக் கூட்டிவந்து புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். 1990களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டில் களப்பணி செய்த மானிடவியலாளர் இசபெல் நபகோவ், 2000இல் வெளியான தம் நூலில் இச்சடங்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தென்னார்க்காட்டுக்குக் கிடைத்த அந்தக் கவனம் ஒரகடத்துக்கும் கிடைக்க வேண்டும்.

காலம் அதிகம் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது; ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. அதன்பின் ஏரிக்கரைகளும் மேய்ச்சல் நிலங்களும் வேகமாக மனைகளாயின. ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கற்கால மனிதர் கருவி செய்த இடமே வெளிப்பட்டது. அந்த மண்ணில் இன்னும் என்னென்ன உள்ளன என்பதைத் தோண்டினால்தான் அறிய முடியும். கல்வட்டமும் நடுகல்லும் பெரும்பாலும் புறம்போக்கில் இருப்பவை. நிலத்தைச் சமன் செய்யும் இயந்திரத்துக்கு முதலில் இரையாவது அவைதான். நீர்நிலை தூர்ந்துபோனால் பூவாடைக்காரியை அழைத்துவரும் இடமும் போய்விடும்.

தொழிற்பூங்காக்களை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் புதிதாக நிலம் எடுக்கும்போது, மண்ணைக் கிளறுவதற்கு முன் தொல்லியல் கள ஆய்வைக் கட்டாயமாக்க வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் இவ்வட்டாரப் பம்பைக்காரர்களின் அழைப்புப் பாடல்களை, பாடத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்யத் தொடங்க வேண்டும்.