கடுகைவிடச் சிறிய கணவாய்

பிரான்சின் அட்லாண்டிக் கரையில், எஸ்னாந்த் என்ற ஊரில் வைத்தியர் ஒருவர் இருந்தார். கடல் மணலை நுண்ணோக்கியில் பார்ப்பதில் அவருக்குப் பித்து. மகன் அல்சீத் தோர்பிஞிக்கும் அது தொற்றிக்கொண்டது. காலில் ஒட்டினால் உதறிவிடும் துகள்களுக்கு நடுவே அறை அறையாகச் சுருண்ட கூடுகள்! கடுகைவிடச் சிறிய அவற்றை ஊருக்கு எப்படிக் காட்டுவது?

பையன் உளியை எடுத்தான். ஒவ்வொரு கூட்டையும் மென்மையான சுண்ணாம்புக்கல்லில் பல மடங்கு பெரிதாகச் செதுக்கி, பிளாஸ்டரில் வார்த்தான். 1823 முதல் தவணைக்கு 25 வீதம் 100 மாதிரிகள் வெளிவந்தன. கண்ணுக்குத் தப்பியது உள்ளங்கையில் உட்கார்ந்தது.

1826இல் பெயரும் சூட்டினார். கணவாயின் உறவான நாட்டிலஸ் கூட்டின் அறைகளை ஒரு குழாய் இணைக்கும். இவற்றின் தடுப்புச் சுவர்களிலோ துளை மட்டுமே. ஆகவே ‘துளை தாங்கி’ என்ற பொருளில் ஃபொராமினிஃபெரா. கணவாய்க்கு உறவு என்று எழுதிவிட்டுத் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1834இல் திரும்பினார், மறு ஆண்டே இடி விழுந்தது.

ஃபெலிக்ஸ் துஜார்தேன் என்ற உயிரியலாளர் இவற்றை உயிரோடு பார்த்துவிட்டார். உள்ளே கணவாய் இல்லை. கூழ் போன்ற ஒன்றுதான் இழை இழையாக வெளியே நீண்டது. இன்றைய மொழியில், ஒற்றைச் செல் உயிர். தோர்பிஞி முரண்டு பிடிக்கவில்லை. 1839இல் தனி வகுப்பாகவே மாற்றி எழுதினார். மாதிரிகளைவிட இதுதான் பெரிய காரியம் என்பேன். அடுத்து பாரிஸ் படுகையின் சுண்ணாம்புப் பாறைக்குள் தேடினார். நகரின் பழைய மாளிகைக் கற்களிலேயே இந்தக் கூடுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. 1853இல் அவருக்காகவே பாரிஸ் அருங்காட்சியகத்தில் தொல்லுயிரியல் பேராசிரியர் பதவி உருவானது. நான்கே ஆண்டுகளில், பியேர்ஃபித் என்ற ஊரில் கண்மூடினார். இந்த மணலால் யாருக்கு என்ன லாபம்?

பதில் எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்தது. துளைக்கும் கருவி பெரிய சிப்பிகளை நொறுக்கியது; மணலளவு கூடுகள் முழுசாக மேலே வந்து, பாறை அடுக்கின் வயதைச் சொல்லின. எண்ணெய் நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லிச் சேர்த்த பணத்தில் ஜோசஃப் குஷ்மன் என்ற ஆய்வாளர் 1923இல் அமெரிக்காவில் தனி ஆய்வகமே கட்டினார்.

இன்று காவிரிப் படுகைப் பாறையானாலும் வேலை அதே பொறுமைதான். ஊறவைத்து, மெல்லிய சல்லடையில் கழுவி, உலர்த்தி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கட்டம் போட்ட கறுப்பு அட்டையில் ஒட்டுகிறார்கள். ஓரத்தில் ‘ஃபொராம்’ என்று குறிக்கிறார்கள். இல்லாத கணவாய் உள்ளே இருப்பதாக நம்பித் தோர்பிஞி இட்ட பெயர் அது.