தனித்தியங்கும் வீட்டுச் சூரிய மின் அமைப்பு

மின்வாரிய இணைப்பில்லாமல், வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை அங்கேயே ஆக்கிச் சேமித்துத் தரும் ஏற்பாடு. கூரையிலுள்ள சிலிக்கான் பேனல் வெயிலை நேர்திசை மின்சாரமாக்குகிறது. 12 வோல்ட் பேனல் எனப்படுவது நல்ல வெயிலில் சுமார் 18 வோல்ட் தரும். அதை நேரே பேட்டரிக்கு விட்டால் பேட்டரி அளவுமீறிச் சார்ஜாகிக் கெடும். இடையில் உள்ள சார்ஜ் கன்ட்ரோலர் சுமார் 14.4 வோல்ட்டில் நிறுத்திப் பிடிக்கிறது. இரவில் பேட்டரி மிகவும் இறங்கினால் விளக்குகளைத் துண்டிக்கிறது. ஈய-அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குமேல் வற்றவிடுவதே அதன் ஆயுளைக் குறைக்கும் முக்கியக் காரணம். 230 வோல்ட் கருவிகளுக்கு இன்வெர்ட்டர் வேண்டும்; 12 வோல்ட் விளக்குகளுக்கு அது தேவையில்லை. வங்கதேசத்தில் 2003இல் தொடங்கிய தவணைத் திட்டம் இதற்குச் சிறந்த சான்று: 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராம வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குக்குப் பதிலாக, இன்வெர்ட்டரே இல்லாத சிறிய 12 வோல்ட் அமைப்புகள் வந்தன.