வாசிக்கத் தெரியாதவர் ஒப்பமிட்ட தாள்கள்

விளையாட்டு வீரர்களின் கையொப்பங்களைச் சேகரிப்போர் மிக அரிதாகக் கருதுபவற்றில் ஒன்று, எழுத வாசிக்கத் தெரியாத ஒருவருடையது. அவர் அமெரிக்க பேஸ்போல் வீரர் ஜோ ஜக்சன். கையொப்பத்தின் விலையைவிட, அது இடப்பட்ட தாள்களுக்கு நடந்தவையே என்னை இந்த விடயத்துக்குள் இழுத்தன.

1919 ஆம் ஆண்டு பேஸ்போல் இறுதித் தொடரில் சிக்காகோ வைட் சொக்ஸ் அணி, சின்சினாட்டி ரெட்ஸ் அணியிடம் 5 - 3 என்ற ஆட்டக் கணக்கில் தோற்றது. சூதாட்டக்காரரிடம் பணம் வாங்கி வேண்டுமென்றே தோற்றதாக எட்டு வீரர்கள் மீது குற்றம் சுமத்தப்பட்டது. வழக்கில் நிறுத்தப்பட்டவர்களை 1921 ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஜூரிகள் விடுவித்தனர். மறுநாளே பேஸ்போல் ஆணையாளர் லாண்டிஸ் எட்டுப் பேருக்கும் வாழ்நாள் தடை விதித்தார்.

ஜக்சன் தென் கரோலினாவில் சிறுவயதிலேயே நெசவாலை வேலைக்குப் போனவர். இரசிகர்கள் கேட்ட கையொப்பங்களைப் பெரும்பாலும் அவரது மனைவி கேற்றியே போட்டுக் கொடுத்தார். ஜக்சன் தானே போட்டது, எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்தது போல இருக்கும். அதனால், அவரே ஒப்பமிட வேண்டியிருந்த சட்ட ஆவணங்கள்தான் அசலையும் போலியையும் பிரித்தறிய உதவுகின்றன. 1911 இல் எடுக்கப்பட்டு அவர் ஒப்பமிட்ட புகைப்படம் ஒன்று, 2021 இல் ஏறத்தாழ 14 இலட்சத்து 70 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது.

ஜக்சனின் மரணசாசனத்திலும் அவரது ஒப்பம் உண்டு. கேற்றியின் சொத்துக்கு உரித்தான இரு தொண்டு நிறுவனங்கள் அந்த மூலப்பிரதியைக் கேட்டு வழக்குத் தொடுத்தன. அது பொது ஆவணம், அரச காப்பிலேயே இருக்க வேண்டும் என்று 1997 இல் தென் கரோலினாவின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொரு தாளின் கதை வேறு. 1920 செப்ரெம்பர் 28 ஆம் திகதி விசாரணை ஜூரிகள் முன் ஜக்சன் வாக்குமூலம் அளித்தார். 20,000 டொலர் தருவதாகச் சொல்லி 5,000 மட்டுமே தந்தார்கள் என்றார். தன் சொல் தனக்கு எதிராகவே பயன்படலாம் என்பதை ஏற்கும் தாளிலும் ஒப்பமிட்டார். அவருக்கெனச் சட்டத்தரணி இருக்கவில்லை. அவருடன் முதலில் பேசியவர் அணி உரிமையாளரின் சட்டத்தரணி. விளங்காத மொழியில் எழுதிய தாளில் ஒப்பமிட்ட கதைகள் எங்களுக்கும் புதியவை அல்ல.

வழக்கு நடப்பதற்கு முன்பே அந்த ஆவணங்கள் அரச தரப்பிடமிருந்து காணாமற்போயின. 1924 இல், நிலுவைச் சம்பளம் கேட்டு ஜக்சன் மில்வோக்கியில் வழக்காடியபோது, வாக்குமூலம் அணித் தரப்புச் சட்டத்தரணியின் கையிலிருந்து வெளிப்பட்டது. ஜூரிகள் ஜக்சனுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி அதை இரத்துச் செய்தார்.

இந்த ஊழல் தொடர்பான ஆவணத் தொகுதி ஒன்று 2007 இல் ஏலத்துக்கு வந்தது. சிக்காகோ வரலாற்று நூதனசாலை அதை வாங்கியதால் இன்று ஆய்வாளர்களால் பார்க்க முடிகிறது. தனியொருவர் வாங்கியிருந்தால் அது ஒரு வீட்டுப் பெட்டகத்துக்குள் போயிருக்கும்.

ஜக்சன் 1951 இல் காலமானார். அவர் மீதான தடை 2025 மே மாதத்தில்தான் நீங்கியது. சேகரிப்பாளர்கள் முதலில் கேட்பது, ஒப்பம் உண்மையிலேயே அவருடையதா என்பதை. அந்தத் தாளை ஒப்பமிடுமுன் அவருக்கு யார் வாசித்துக் காட்டினார்கள் என்பதே எனது கேள்வி.