ஆவுளியா நெஞ்சச் சூத்திரம்: விளக்கவுரை

ஆவுளியா நெஞ்சம் இருமுனைத்து; நாலறைத்து;
பெருநாடி வேரின் இருகிளை சூடி
ஓய்வில் உண்ணும்; மூழ்கத் தளரும்.

ஆவுளியா என்பது கடற்பசு. புதுக்கோட்டைச் சீமையின் மணமேல்குடி, கோட்டைப்பட்டினக் கரைகளில் மீனவர் வழங்கும் பெயர் இது. தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் உரிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு, 2022 செப்டம்பரில் இவ்வுயிர்க்கெனவே காப்பகமாயிற்று. ஆண்டுள்ள கடற்புல்லே இதன் இரை. நெஞ்சம் என்றது ஈண்டு மனத்தை அன்று. குருதி உந்தும் தசைப்பையை.

இருமுனைத்து என்பது இரு முனைகளை உடையது என்றவாறு. மாந்தர்க்குக் கீழறை இரண்டும் ஒருங்கு குவிந்து ஒரு முனையாய் முடியும். இதற்கோ வலக்கீழறையும் இடக்கீழறையும் தத்தம் முனையோடு தனித்து நிற்க, நடுவே ஆழ்ந்த பிளவு ஓடும். யானையின் நெஞ்சும் முனை பிளவுற்றதே. உருவங்கண்டு இதனைத் திமிங்கிலத்தின் கிளை என மயங்கற்க. உறவால் நெருங்கியது யானைக்கே.

நாலறைத்து: மேலறை இரண்டு, கீழறை இரண்டு. பிளவு கண்டு இரு நெஞ்சோ என ஐயுறுவார்க்கு இச்சொல் விடை.

பெருநாடி என்பது இடக்கீழறையினின்று எழும் பெருந்தமனி. வேர், அது தோன்றுமிடம். இன் உருபு நீக்கப்பொருளில் வந்தது. அறை நிறையக் குருதி இருந்தும், சுவர் தடித்தமையின் நெஞ்சு அதனை உள்ளிருந்தே பருகமாட்டாது. புறத்தே போய்க் கிளைவழி மீளவேண்டும். உடலெல்லாம் ஊட்டப் புறப்படும் குருதியில் முதற்பங்கு நெஞ்சுக்கே என்பது வேர் என்றதனாற் பெறப்படும். இருகிளை, வலமும் இடமும். மருத்துவர் கரோனரி தமனிகள் என்ப. வளைந்து சூழ்தலின் சூடி என்றார்.

ஓய்வில் உண்ணும்: சூத்திரத்தின் உயிர்நிலை இத்தொடர். நெஞ்சு சுருங்குங்கால் தசை இறுகித் தன்னுள் ஓடும் தமனிகளைத் தானே நெரிக்கும். இடக்கீழறைச் சுவரில் இது மிகுதி. தளர்ந்து விரியுங்காலே ஆண்டுக் குருதி தடையின்றிப் பாயும். ஓய்வில்லாமல் உண்ணும் எனப் பொருள் கொள்ளற்க. ‘ஓய்வு இல்’ எனப் பிரிப்பின் தழுவுதற்குப் பெயர் இன்மையின் தொடர் நில்லாது, உண்மையும் கெடும்.

மூழ்கத் தளரும்: தளர்தல் ஈண்டு மெலிதல் அன்று, துடிப்பின் விரைவு குறைதல். மூச்சடக்கிப் புல்மேயும் சில நிமிடங்களில் இது நிகழும். துடிப்பு அருகவே இரு துடிப்புக்கு இடைப்பட்ட ஓய்வு நீளும். உழைப்புச் சுருங்கலின் உயிர்வளித் தேவையும் சுருங்கும். ஓய்வில் உண்ணும் என்றதன்பின் இதனை வைத்த முறைமை இது.

வலையிற்பட்டு மேலெழ மாட்டாத ஆவுளியாவிற்கு இவ்வொழுங்கு நெடிது உதவாது. ஓய்வு எத்துணை நீளினும், வருங்குருதியில் உயிர்வளி அருகிவிடும். சூத்திரம் இதனைக் கூறாது விட்டது, மூழ்கியது எழும் என்னும் இயல்பே பற்றி.