பள்ளிக்குச் செல்லும் வழி: பீகார் மாணவியரின் வருகைப் பதிவேடும் ஒரு நூற்றாண்டு வரலாறும்

பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவியின் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்ற குறி அடுத்தடுத்து விழுமானால், அதற்கு நெடுங்காலமாக ஒரே விளக்கம்தான் சொல்லப்பட்டுவந்திருக்கிறது: பெற்றோருக்கு விருப்பமில்லை. இவ்விளக்கம் முழுப்பொய் அன்று. ஆயினும் பெண்கல்வியின் வரலாற்றை வகுப்பறைக்குள்ளிருந்து படிக்காமல், வீட்டு வாசலுக்கும் பள்ளி வாசலுக்கும் இடைப்பட்ட வழியிலிருந்து படிக்கத் தொடங்கினால் வேறு சில செய்திகள் கண்ணில் படுகின்றன. விருப்பம் இருந்த வீடுகளிலும் அந்த வழி பெண்களுக்கு அடைபட்டே கிடந்தது.

1849ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில் பெத்யூன் பெண்கள் பள்ளியைத் தொடங்கியபோது சேர்ந்த மாணவியர் 21 பேர். பண்டிதர் மதன்மோகன் தர்க்காலங்கார் தம் இரு மகள்களையும் அனுப்பினார். சிறுமியரை அழைத்துவரப் பள்ளி குதிரை வண்டிகளை ஏற்பாடு செய்தது. அவ்வண்டிகளின் பக்கங்களில் ஒரு வடமொழிச் சுலோகம் எழுதப்பட்டிருந்தது; மகனைப் போலவே மகளையும் பேணி வளர்த்துக் கல்வி தர வேண்டும் என்பது அதன் பொருள். சாத்திரத்தின் சான்று பள்ளிச் சுவரில் எழுதப்படாமல் வண்டியின் மேல் எழுதப்பட்டது கவனிக்கத்தக்கது. கேள்வி எழுந்தது தெருவில். எனவே விடையும் தெருவில் செல்ல வேண்டியிருந்தது.

இதே சிக்கலை இன்னும் கூர்மையாகச் சந்தித்தவர் ரொகேயா சகாவத் ஹுசைன். பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்த அவருடைய கணவர் 1909இல் காலமானார். பெண்கள் பள்ளி தொடங்குவதற்கென்று அவர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் பாகல்பூரிலேயே ஐந்து மாணவியரோடு ரொகேயா பள்ளியைத் தொடங்கினார். குடும்பத்துச் சொத்துத் தகராறு அவரை அவ்வூரில் இருக்கவிடவில்லை. 1911 மார்ச் 16ஆம் நாள் கல்கத்தாவில் எட்டு மாணவியரோடு அப்பள்ளி மறுபடி உயிர்பெற்றது. பீகார் மண்ணில் முளைத்த பள்ளி வங்காளத்தின் பெருமையாகிவிட்டது. பீகாரின் கல்வி வரலாற்றில் பாகல்பூர் ஒரு வரியாகச் சுருங்கிப்போனது.

1931இல் வெளியான ‘அவரோத்பாசினி’ என்னும் நூலில் தம் பள்ளிக்குப் புதிய மோட்டார் பேருந்து வந்த கதையை ரொகேயா பதிவுசெய்திருக்கிறார். கோஷாவுக்குக் குந்தகம் வராதபடி நாற்புறமும் அடைத்துக் கட்டப்பட்ட வண்டி அது. உள்ளே வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. பார்த்தவர்கள் அதைக் கல்கத்தாவின் பேர்போன இருட்டுச் சிறையோடு ஒப்பிட்டார்கள். முதல் நாளிலேயே குழந்தைகள் வாந்தியெடுத்தார்கள், இருளுக்கு அஞ்சி அழுதார்கள், சிலர் மயங்கி விழுந்தார்கள். அடைப்பைத் திறந்து திரைகளைத் தொங்கவிட்டு மாணவியரைத் திருப்பி அனுப்பியதும் கண்டனக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. திரை காற்றில் பறக்கிறது, மானம் போகிறது, உடனே சரிசெய்யாவிட்டால் உருது இதழ்களில் பள்ளியைப் பழித்து எழுதுவோம் என்று அவை மிரட்டின. மூடினால் குழந்தை மயங்குகிறது. திறந்தால் ஊர் சினக்கிறது. இத்தனைக்கும் இவை மகள்களைப் படிக்க வைக்கத் துணிந்த குடும்பங்கள். அவர்களிடம் விருப்பமில்லை என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. இவ்வழக்கத்தை ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதாகக் காண்பதும் பிழை. பெத்யூன் பள்ளியின் வண்டிகள் ஓடியது இந்து மேல்சாதி வீடுகளுக்காகவே.

வயலிலும் சந்தையிலும் உழைத்த ஏழைப் பெண்களுக்கு வழி திறந்தே இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அவர்களுடைய வழி பள்ளிக்குப் போகவில்லை.

பாகல்பூர்ப் பள்ளிக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்தும், 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பீகார்ப் பெண்களின் எழுத்தறிவு 33.1 விழுக்காடாகவே இருந்தது. தொடக்கப் பள்ளிகள் ஊர்தோறும் வந்துவிட்டன. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி என்பது அரசின் அளவுகோல். 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுகொண்டது. உயர்நிலைப் பள்ளியை ஐந்து கிலோமீட்டருக்குள் அமைக்கும் இலக்கு நடுவண் அரசின் இடைநிலைக் கல்வித் திட்டத்தில் இடம்பெற்றதும் 2009இல்தான். ஆகவே எட்டாம் வகுப்பு முடித்த பெண் ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளன்று ஊர் எல்லையைக் கடக்க வேண்டியிருந்தது. பருவமெய்திய பெண் தனியே சாலையில் நடப்பதா என்ற பழைய கேள்வி அன்று காலையில் திரும்பவும் எழுந்தது. பதிவேட்டிலிருந்து பெயர்கள் உதிர்ந்த இடம் இதுவே. அவள் வராமல் நின்றவள் அல்லள்; சேராமலே நின்றவள். சேராதவளின் பெயர் பதிவேட்டில் ஏறாது என்பதால் அவளது வராமையும் கணக்கில் வரவில்லை.

2006இல் நிதிஷ் குமார் அரசு கொண்டுவந்த முதலமைச்சர் மாணவியர் மிதிவண்டித் திட்டம் சரியாக இந்த இடத்தைக் குறிவைத்தது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிக்கு மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் தரப்பட்டது. பொருளாகத் தராமல் பணமாகத் தந்ததால் வீட்டார் வேறு செலவு செய்துவிடுவார்கள் என்ற ஐயம் எழுந்தது. பெரும்பாலோர் மிதிவண்டியே வாங்கினார்கள். பள்ளியில் விழா நடத்தி ஊரறியப் பணத்தை வழங்கியதும் ஒரு காரணம். இதற்கு முன்னோடி தமிழகம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையின் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது. பின்னர்த் தமிழக அரசு மேல்நிலை மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கியது. தமிழகம் பதினொன்றாம் வகுப்பில் தந்ததைப் பீகார் ஒன்பதாம் வகுப்பிலேயே தந்தது. அந்த இரண்டாண்டு வேறுபாட்டில் பீகார் தன் இழப்பின் இடத்தைச் சரியாக அறிந்திருந்தது தெரிகிறது.

கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய இரு பொருளியல் அறிஞர்களின் ஆய்வு 2017இல் வெளிவந்தது. மாணவரோடும், அண்டை மாநிலமாகிய ஜார்க்கண்டோடும் ஒப்பிட்டு, இத்திட்டத்தால் உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்தது என்றும், ஆண்–பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது என்றும் அவர்கள் கணித்தனர். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுதி. ‘விருப்பமின்மை’ என்ற விளக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைப்பது அரிது. பெற்றோரின் மனத்தை யாரும் மாற்றவில்லை, தொலைவுதான் மாறியது. பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய மாணவியர் 18 விழுக்காடும், தேர்ச்சி பெற்றோர் 12 விழுக்காடும் கூடினர். ஆனால் அவ்வாய்வு அளந்தது சேர்க்கையை, அன்றாட வருகையை அன்று. இந்த வேறுபாட்டை மேற்கோள் காட்டுவோர் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அன்றாட வருகையை அளக்க அரசு கண்ட வழி வேறு. பின்னாளில் மிதிவண்டி, சீருடை, உதவித்தொகை ஆகிய அனைத்துக்கும் 75 விழுக்காடு வருகை நிபந்தனையாயிற்று. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்கு அதற்கு அடிப்படையானது. பீகாரின் நாட்காட்டியை அறிந்தவர்க்கு இந்த ஆறு மாதங்கள் எவை என்பது தெரியும். ஏப்ரலில் கோதுமை அறுவடை. அதனோடு திருமண முகூர்த்தங்கள். மே மாதத்தில் ‘லூ’ எனப்படும் அனல்காற்று. கோடை விடுமுறைக்குப் பின் பெண்களின் கைகளையே நம்பியிருக்கும் நெல் நடவு. ஆகஸ்டில் கோசி, பாக்மதி, கம்லா ஆறுகளின் வெள்ளம். 2008 ஆகஸ்ட் 18ஆம் நாள் நேபாளத்தின் குசஹாவில் கோசியின் கரை உடைந்தபோது சுபௌல், மதேபுரா மாவட்டங்களில் சாலைகளே இல்லாமற்போயின. ஆண்டின் மிகக் கடினமான பாதியைத் தேர்ந்தெடுத்து, அதில் தவறாமல் வந்தவளுக்கே மிதிவண்டி என்று விதித்தது அந்நிபந்தனை. வருவதற்கான வழியாகத் தொடங்கியது, வந்ததற்கான பரிசாக மாறிற்று. ஆறு கிலோமீட்டர் நடந்தே 75 விழுக்காட்டை எட்டிவிட்ட மாணவிக்கு அந்த மிதிவண்டி எவ்வளவு தேவையோ, அதனினும் எட்டாதவளுக்குத் தேவை அதிகம்.

போலி வருகையைத் தடுக்கவே இந்த விதி என்ற வாதத்திலும் உண்மை உண்டு. பள்ளிக்கு வராதவர் பெயரில் பணம் போவதைத் தணிக்கை வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆனால் பட்டியலில் பெயர் விடுபட்ட மாணவர்கள் பல ஊர்களில் சாலை மறியலில் இறங்கினார்கள். பதிவேட்டைக் கையில் வைத்திருந்த ஆசிரியர்களே அவர்களின் சினத்துக்கு ஆளானார்கள். பின்னர்க் கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அரசே அந்நிபந்தனையைத் தளர்த்திப் பணத்தை மாணவர் கணக்கில் செலுத்தியது.